நார்வேக்காரியிடம் சொல்லாத மலை

கொச்சி மட்டாஞ்சேரியில் ஜூன் மழை பிடித்தால் லேசில் விடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படியொரு மழையில்தான் அந்த நார்வேக்காரி முதுகில் பெரிய மூட்டையோடு, குடையில்லாமல், எங்கள் சாயாக்கடையைக் கடந்து போனாள். ஒதுங்க இடம் தேடுகிற நடையாக அது இல்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாவம், போக்கிடம் இல்ல போலிருக்கு. உள்ள வரச் சொல்லு."

எனக்குப் பதினொரு வயது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கூப்பிட்டேன். வந்தாள். அம்மா வைத்த கப்பைக்கிழங்கை விரலால் பிட்டுத் தின்றபடி அவள் பேசியதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர்கள் நாட்டில் மழை, பனி என்று யாரும் வீட்டில் முடங்குவதில்லையாம். நடை பழகியதுமே பிள்ளைகளைப் பனியில் சறுக்க விடுவார்களாம். காடும் மலையும் எல்லோருக்கும் பொதுவாம். யாரையும் கேட்காமல் கூடாரம் போட்டுத் தூங்கலாமாம். அவளே எட்டு நாள் தனியாக மலையில் நடந்திருக்கிறாள். நான் வாய் பிளந்து கேட்டேன்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மலைக்கு அந்தப் பக்கம் ஆருக்கு சுகமில்லாம இருந்துச்சு?"

யாருக்கும் இல்லை, நடப்பதற்காகவே நடந்தேன் என்றாள் அவள்.

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "நானும் நடந்திருக்கேன், சொல்லு" என்று ஆரம்பித்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, இங்கே மிளகு மூட்டை அடுக்கும் பாண்டிகசாலையில் சுமை தூக்கிய அப்பாவின் காலில் மூட்டை சரிந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று மலையடிவாரத்தில் எங்கள் ஊரான போடிக்குக் கடிதம் வந்தது. மழையில் மலைச்சாலை இடிந்து பஸ் நின்றிருந்தது. அம்மா என்னைச் சேலையால் இடுப்போடு கட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் மலையேறினாள். வழியெல்லாம் அட்டைக்கடி. இரவு ஏதோ எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்தில் படுத்து, மறுநாள் லாரி பிடித்துக் கொச்சிக்கு வந்து சேர்ந்தாள்.

"இவ ஒரு தடவகூட அழல. அதையும் சொல்லு."

நான் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மலையில் கூடாரமும் பனியும் இருந்தன. எங்கள் மலையில் இருந்தது அட்டையும் லயமும். அம்மா எங்கேயும் போனதில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். நார்வேக்காரி அம்மாவை இரக்கத்தோடு பார்த்தாள். வாழ்க்கையில் ஒரு முறையாவது உங்கள் அம்மா ஒரு மலையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"என்ன சொல்றாங்க?"

"நீ பெரிய தைரியசாலியாம்."

அம்மா கூச்சத்தோடு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேட்காமலே வந்தவளுக்கு இன்னொரு சாயா போட்டுக் கொடுத்தாள்.

மழை விடும்வரை காத்திராமல் நார்வேக்காரி கிளம்பினாள். தெருமுனைவரை அவள் பின்னாலேயே போனேன். பள்ளிக்கூடத்தில் பல நாள் அவளைப் பற்றியே பேசினேன். அவ்வளவு தைரியமான பெண்ணை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்படித்தான் நம்பவும் செய்தேன்.