தேயிலை டின்னுக்குள் போன சிப்கள்

இன்று ஹட்டனிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அந்தக் களைப்போடு எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டுச் சமையலறை மேசையில், ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சோல்டரிங் அயனைச் சுடவைத்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் நான் செய்யும் குட்டி ரேடியோவுக்கான கடுகளவு, குட்டிக் குட்டிக் கால்கள் உள்ள கறுப்புச் சிப்கள். வாரக்கணக்கில் காத்திருந்து தபாலில் வந்தவை.

கண் எரிந்தது. முகம் கழுவிவிட்டு வந்தால் தாள் காலி.

"அம்மா, இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"தேயிலத்தூளு சிந்திக் கெடந்துச்சுப்பா. அள்ளி டின்னுலயே போட்டுட்டேன்."

நாளெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்த கண் அவருக்கு. டின்னைக் கொட்டித் தேடினேன். எல்லாமே சிப் மாதிரி இருந்தன.

அம்மா தேத்தண்ணியை நீட்டினார். "இதக் குடிச்சிட்டுத் தேடு."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொன்ன நண்பர்களே, கட்டாயம் வாங்க. தேத்தண்ணியில் கால் முளைத்த தூள் ஏதும் நாக்கில் குத்தினால், விழுங்காமல் என்னிடம் தாருங்கள்.