ஓவியப் பிரிவில் எட்டாவது பெயர்

ஓவிய ஆசிரியர் வேலையில் வருடம் முழுவதும் யாரும் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கிற அந்த ஒரு வாரம் மட்டும் எல்லாரும் நம்மிடம் விளக்கம் கேட்கிறார்கள். கொல்லிமலையில் இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தையல், இசை, உடற்கல்வி என்று எதையாவது சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். உங்கள் பீரியடையும் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கியிருப்பார்; திருப்பித் தந்திருக்க மாட்டார்.

எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு ஓவியப் பிரிவு ஒன்று இருக்கிறது. எட்டுப் பேராவது சேர்ந்தால்தான் அந்த வருடம் அது நடக்கும். ஆகவே, இனி சொல்லப்போகிற விஷயங்களில் நான் முழுக்க நல்லவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்ன குரூப்பு?

சில வருடங்களுக்கு முன்னால் அரியூர் நாட்டிலிருந்து (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்போம்) ஓர் அம்மா தன் மகன் முருகேசனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மரவள்ளிக் காட்டிலிருந்து நேராக வந்திருப்பார் போல. நகங்களில் மண் இருந்தது. “என்ன குரூப்பு?” என்று கேட்டேன். பையைத் துழாவி, பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய ஓர் அட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். பள்ளியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது கொடுத்த அட்டை. “ஓ பாசிட்டிவ்ங்க” என்றார்.

நான் கேள்வியை மாற்றினேன். கணக்கா, அறிவியலா, ஓவியமா? அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். பிறகு அவர் அட்டையை எடுத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: “எதுல சேத்தாலும் ரத்தம் ஒண்ணுதானுங்களே சார். நீங்களே பாத்துப் போடுங்க.”

பென்சில்

ஓவியப் பிரிவில் சேருகிறவர்களின் விண்ணப்பத்தை மட்டும் பென்சிலில் நிரப்பச் சொல்வேன். காலையில் ஆசையாக எழுதிக்கொடுத்த பிள்ளையை மறுநாள் மாமாவோ சித்தப்பாவோ கூட்டிக்கொண்டு வந்து வணிகவியலுக்கு மாற்றுவார்கள். பேனாவில் எழுதியதை அடித்துத் திருத்தினால் தலைமையாசிரியர் திட்டுவார். இது வெறும் வசதிக்காக என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலக உதவியாளர் ஒருநாள் மேசையைத் துடைத்தபடி சொன்னார்: “எல்லாக் குரூப்புக்கும் பேனாதான் தீருது சார். உங்க குரூப்புக்குத்தான் ரப்பர் தீருது.”

வாக்காளர் அட்டை

தேவனூர் நாட்டில் மிளகு போடுகிற பொன்னுசாமி, மாமனார் இறந்தபோது என்னிடம் வந்தார். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். ஆனால் அவரிடம் இருந்தது மாமனாரின் வாக்காளர் அட்டை ஒன்றுதான். அதைப் பார்த்துப் பெரிதாக வரைந்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், “மாமன் அட்டைக்காக மொறைச்சிருக்காருங்க. ஊட்டுல இப்படி இருக்க மாட்டாரு” என்றார்.

பக்கத்தில் அவர் மகள் வெண்ணிலா நின்றிருந்தாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. “அப்புச்சி எப்பவும் வெத்தல அதக்கியிருப்பாருங்க சார். இந்தப் பக்கம் கன்னம் உப்பியிருக்கும்” என்று சொல்லி, என் பென்சிலைக் கேட்டு வாங்கினாள். நான் அரை நாள் உழைத்த முகத்தில் இரண்டு கோடு, கொஞ்சம் நிழல். அவ்வளவுதான் செய்தாள். பொன்னுசாமி படத்தைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “இப்பத்தான் எங்க மாமன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், துப்பிருவாரு.”

ஒரே பூ

ரத்தப் பரிசோதனை அட்டை கொண்டுவந்த அம்மாவின் மகன் முருகேசனை நான் ஓவியத்தில்தான் போட்டேன். அந்த வருடம் எனக்கு ஒரு பெயர் குறைந்தது, அதுதான் காரணம். பையன் நன்றாகவே வரைந்தான். ஆனால் பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தக் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அவனுக்குச் சொல்ல எனக்கே சரியாகத் தெரியவில்லை.

போன சித்திரையில் மலை ஏறும் பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். எழுந்து இடம் கொடுத்தான். திருப்பூரில் பனியன் துணிக்கு அச்சடிக்கிற வேலை. நன்றாக இருக்கிறேன் என்றான். என்ன அச்சடிக்கிறாய் என்று கேட்டேன். பூ என்றான். என்மேல் வருத்தமா என்று கேட்க நினைத்தேன். இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியும் வாய் வரவில்லை. அவனாகவே சொன்னான், சிரித்துக்கொண்டுதான்: “ஆறு மாசமா ஒரே பூங்க சார். ஒரு பூ மாதிரி இன்னொண்ணு இருக்காதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.”

பொன்னுசாமி கேட்டது

இந்த வருடச் சேர்க்கையில் ஓவியப் பிரிவுக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் பொன்னுசாமி வெண்ணிலாவோடு வந்தார். அவளுக்கு அறிவியலில் நல்ல மதிப்பெண். உறவுக்காரர்கள் எல்லாரும் நர்ஸ் படிப்பு என்று சொல்லியிருந்தார்கள். நான் அவளுடைய கையைப் பற்றி, பார்வையைப் பற்றி, இப்படி ஒரு பிள்ளை பல வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதைப் பற்றி நிறையப் பேசினேன். சொன்ன எல்லாமே உண்மை. ஆனால் பேசும்போதே எட்டு என்கிற எண் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னுசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குதுங்களே, அது என்ன குரூப்பு படிச்சுதுங்க?” என்றார். பயாலஜி, நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளி என்றேன். “அதுக்கு வரைய வராதுங்களா?” நன்றாக வரைவாள் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோபமே இல்லாத குரலில் கேட்டார்: “அப்ப எம்புள்ளைக்கு மட்டும் ஏனுங்க சார் இது?”

கயல்

அன்று சாயங்காலம் சேலத்தில் பி.ஃபார்ம் படிக்கும் என் மகள் கயலுக்குப் போன் செய்தேன். உன்னை ஓவியத்தில் சேர்த்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். “என்னப்பா திடீர்னு? எனக்கு பயாலஜிதான் பிடிச்சுது” என்றாள். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவள் சாதாரணமாகத்தான் சேர்த்துச் சொன்னாள்: “ஆனா அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்னைக் கேக்கவே இல்லியே.”

சோளக்காட்டில்

மறுநாள் சோளக்காடு என்கிற ஊரில் கூடும் சந்தையில் பொன்னுசாமியையும் வெண்ணிலாவையும் தேடிப்பிடித்தேன். மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முருகேசனின் பூவைச் சொன்னேன். எட்டாவது பெயர் எனக்குத் தேவைப்படுவதையும் சொன்னேன். பிறகு வெண்ணிலாவின் பக்கம் திரும்பி, “உனக்கு என்ன வேணும் கண்ணு?” என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையிடம், பதில் எதுவாக இருந்தாலும் சரி என்று நினைத்து நான் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. “சின்னப் புள்ளைக்கு என்னங்க தெரியும்?” என்று பொன்னுசாமி குறுக்கிட்டார்.

அவள் அப்பாவுக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம்தான் பேசினாள், வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற மாதிரி. “அந்த அண்ணன் அடிக்கிற பூவ மொதல்ல யாரோ ஒருத்தரு வரைஞ்சிருப்பாங்கல்லங்க சார்? அவுங்க எங்க படிச்சாங்க, எப்படிச் சேந்தாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. அது தெரிஞ்சா நான் டிராயிங்கே எடுத்துக்குவேன்.”

கடைசி நாள்

முருகேசனுக்குப் போன் செய்தேன். அவன் அலுவலகத்தில் விசாரித்து, வரைகிறவர் ஒரு பெண் என்றும் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவர் என்றும் சொன்னான்; அவருடைய நம்பரையும் வாங்கித் தந்தான். அந்தப் பெண் நுழைவுத்தேர்வு, விண்ணப்பம், விடுதி என்று அரை மணி நேரம் விளக்கினார். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டேன். முருகேசன் படித்த காலத்திலேயே நான் செய்திருக்க வேண்டிய போன் அது. அவனிடம் அதைச் சொன்னபோது, “பரவாயில்லீங்க சார்” என்றான். அந்தப் பரவாயில்லையை இன்னும் என்னால் கடக்க முடியவில்லை.

கடைசி நாள் வெண்ணிலா விண்ணப்பத்தை நிரப்பினாள். பொன்னுசாமி நான் எழுதி வைத்த இரண்டு பக்கத்தையும் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். “ரெண்டு வருசம் கழிச்சு இந்தக் காயிதத்தோட வாரேனுங்க சார். அதுக்குள்ள டிரான்ஸ்பர் கிரான்ஸ்பர்னு வாங்கிட்டுக் கீழ எறங்கிராதீங்க.”

எனக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதில் இரண்டைப் பொன்னுசாமி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.