தேதி கேட்ட திருவெள்ளறை

டில்லியில் பிரதமரைச் சுட்டதற்கு மறுவருஷம். ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தில் சாரம் கட்டி நிலை நிலையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அணுகுண்டு பரவக்கூடாது என்று நாடுகள் போட்ட ஒப்பந்தத்தை வெளிநாட்டில் கூடி மறுபடி பார்க்கப்போகிறார்கள், நம் மனுவும் போகட்டும் என்றார் அந்தோணி சார். அவர் திருச்சியில் கல்லூரி வாத்தியார். நான் அங்கே மணி அடிப்பவன். எழுத்துத் தெரியாது. இதுவும் நான் சொல்ல, மருமகள் எழுதுவதுதான்.

காலை ஏழு மணிக்குச் சத்திரம் பஸ் நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒன்பதரைக்குள் இருபத்திரண்டு கையெழுத்து. சத்திரம் திரும்பி, துறையூர் பஸ்ஸில் திருவெள்ளறை. இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். டிக்கெட் இரண்டு ரூபாய்க்குள்தான்.

அங்கே நாலு பக்கமும் படி இறங்கும் பழைய கிணறு ஒன்று உண்டு, விட்டுவிடாதீர்கள். களை எடுத்துவிட்டு வந்தவர்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சார் மனுவைப் படித்தார். நான் மைப்பெட்டியை நீட்டினேன். ஒருவரும் விரலை நீட்டவில்லை.

"குண்டு வெச்சிருக்கறவன் என்னன்னு எழுதிக் குடுத்திருக்கான்?" என்று கேட்டார் ஓர் அம்மா.

"ஒழிக்கறதுக்குப் பேசறோம்னு எழுதியிருக்காங்கம்மா."

"என்னிக்குள்ள?"

"தேதி போடல."

"கெடு போடாத குத்தகைச் சீட்டுல எங்கப்பா கைநாட்டு வெச்சாரு. வயலு இன்னும் திரும்பி வரல. படிச்சவுங்க நீங்க, இதக் கேக்காமயா வந்தீங்க?"

சார் சிரித்துவிட்டார். குண்டு வைத்திருப்பவர்கள் அதைக் கைவிடத் தேதி போடவேண்டும் என்று மனுவில் ஒரு வரி சேர்த்தார். முப்பத்தொரு விரல்கள் மையில் இறங்கின.

பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. "சார், காலையில போட்டவுங்களுக்கு இந்த வரி தெரியாதுங்களே."

"ஆமா முத்து. சொல்லாம அனுப்பினா மோசடி."

மனு மாலை ரயிலில் மெட்ராஸ் போயாகவேண்டும். மணி அப்போதே ஒன்றே கால். மறுபடி ஸ்ரீரங்கம், வெயிலில் வீடு வீடாக.

"என்ன வாத்தியாரே, காலம்பற போட்ட கையெழுத்து அழிஞ்சுடுத்தோ?" என்றார் முதல் வீட்டு மாமா. வரியைப் படித்தார். "நன்னாக் கேட்டிருக்காளே! நமக்குத் தோணலையே!"

இருபத்தொரு பேர் சம்மதித்தார்கள். ஒருவர் வெளியூர் போய்விட்டார். சார் அவர் பெயரை அடித்தார். நாலே முக்காலுக்கு ஜங்ஷன். மனு ரயிலேறியது.

அது யார் கைக்குப் போனதோ, தெரியாது. பழைய ஒப்பந்தத்தில் இன்னும் தேதி இல்லை. ஆனால் பல வருஷம் கழித்து வேறு நாடுகள் கூடி, குண்டு வைத்திருப்பதே கூடாது என்று புதிதாக ஒன்று போட்டிருக்கின்றன. மருமகள் படித்துக் காட்டினாள். அதில் ஒழிப்பதற்குக் கெடுவும் உண்டாம். வைத்திருப்பவர்கள் சேரவில்லை. சேருவார்கள், ஒரே நாளில் ஒரு தெருவே சம்மதித்ததைப் பார்த்தவன் நான்.

திருவெள்ளறை போகிறவர்கள் ஏழு மணிக்கே கிளம்புங்கள், மதியம் அங்கே கோயில் நடை சாத்திவிடுவார்கள். என்னால் இனிமேல் பஸ் ஏற முடியாது. சார் இல்லை, மாமா இல்லை. கிணற்றடியில் மை தொட்டவர்களில் இன்னும் இருப்பது கெடு கேட்ட அந்த அம்மா மட்டும்தான். பார்த்தால், புதுச் சீட்டில் கெடு போட்டாச்சு என்று சொல்லிவிடுங்கள். பெயர் அஞ்சலை.