அடக்கி வைத்த இருமல்

எண்பதுகளில் திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் செய்துதான் என் மகள் பிறந்தாள். தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து, இரண்டு நாளாக இருமலை அடக்கிக்கொண்டே கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சின்னாளபட்டி அக்காவுக்கும் ஆபரேஷன்தான். ஆனாலும் ஓயாமல் வேடிக்கை பேசுவார். சிரித்தால் எனக்கு உயிர் போகும். "செத்த நேரம் வாய மூடிட்டுக் கெடங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் சளி மூச்சை அடைத்தது. அவர் தன் வயிற்றைப் பிடித்தபடி எழுந்து வந்தார். வீட்டுக்குப் போகும்போது உடுத்த வைத்திருந்த புதுச் சுங்குடிச் சேலையை மடித்து, என் தையல்மேல் வைத்து அமுக்கினார்.

"இப்ப இருமு தாயி. நான் பிடிச்சிருக்கேன்ல."

இருமினேன். சளி சேலையில் தெறித்தது.

"தொவச்சாப் போச்சு" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இன்றும் இருமல் வந்தால் என் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. அங்கே அவர் கை முன்பே இருப்பதுபோல் இருக்கிறது.