என் மகள்மேல் வந்தது சாமி இல்லை

நான் நிம்மதியாகத் தூங்கி ஏழு மாதம் ஆகிறது. கோர்வையாகச் சொல்ல வராது. அம்மனின் பிள்ளைகளே, பொறுத்துக் கேளுங்கள்.

எங்கள் ஊர் கொற்கைக்குப் பக்கம். கொஞ்சம் வயல் உண்டு. என் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் செல்வி, ஏழு வயது.

போன ஆடியில் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் அவளுக்குச் சளியும் காய்ச்சலும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது. மாத்திரை கொடுத்து, கொடைக்கும் கூட்டிப் போனேன். அந்தத் தப்பை நான்தான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியக் கொடை. மேளம் உச்சத்தில் இருந்தது. என் மடியில் கிடந்தவள் திடீரென்று எழுந்து கத்தினாள். "செவப்பு செவப்பா வருது" என்றாள். என் முகத்தைப் பார்த்து, "நீ யாரு?" என்றாள்.

"சின்னப் புள்ள மேல ஆத்தா இறங்கிட்டா!" என்று கூட்டம் கும்பிட்டது. யாரோ மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சொல்லவே கூசுகிறது, நானும் என் மகளைக் கும்பிட்டேன். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று அவளிடமே வரம் கேட்டேன்.

அவள் பல்லைக் கடித்தாள். "தாயே, இது நீதானா? இல்லையென்றால் யார் வாயாலாவது சொல்லிவிடு" என்று அழுதேன்.

சாமியாடிக்கொண்டிருந்த முத்தையா மாமா ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்தார். முப்பது வருஷமாக அம்மனுக்கு ஆடுகிறவர். செல்வியின் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏளா, இது ஆத்தா இல்ல. எனக்குத் தெரியாதா? வாய் ஒரு பக்கமா இழுக்குது பாரு, வலிப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கு, நிக்காத!"

தூத்துக்குடியில் சோதித்துவிட்டு, ஃப்ளூ காய்ச்சல் மூளையைப் பாதித்திருக்கிறது என்றார்கள். "இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர்.

ஒன்பது நாள் ஐசியூ. வாயில் குழாய். கணவர் வந்து வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் மூன்று நாள் அம்மனிடம் உருகி வேண்டினேன். பிறகு வார்த்தை வரவில்லை. "நீ பாத்துக்கோ" என்பேன். சில நாள் அதுவும் இல்லை.

பத்தாம் நாள் காலை நர்ஸ் கூப்பிட்டார். செல்வி கண் திறந்திருந்தாள், குழாயை எடுத்திருந்தார்கள். மறுபடியும் "நீ யாரு?" என்பாளோ என்று கிட்டே போகவே பயந்தேன்.

"யம்மா, தொண்ட நோவுது" என்றாள்.

ஓடிப் போய் அவள் தலையைத் தடவினேன்.

முழுச் சுகம் இன்னும் இல்லை. வலது கை நடுங்குகிறது. இரண்டு வேளையும் வலிப்பு மாத்திரை. எழுத்துகளை முதலிலிருந்து பழக்குகிறேன். நாலு எழுத்துக்குள் அவளுக்குக் கோபம் வந்துவிடும், எனக்கும்தான்.

இப்போது ஊரில் எந்தப் பிள்ளை காய்ச்சலில் பிதற்றினாலும் நானே போய் நெற்றியில் திருநீறு பூசி, கையோடு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிவிடுகிறேன்.

அம்மனை நம்புங்கள். வேண்டத் தெம்பில்லாத நாளிலும் அவள் முன்னால் போய் உட்காருங்கள். எனக்கு இன்றைக்கும் தெம்பில்லை. ஆனாலும் காலையில் தலை பின்னும்போது, "மெதுவா இழும்மா, வலிக்குது!" என்று செல்வி கத்துகிறாள். அந்தச் சத்தத்துக்குத்தான் தினமும் கும்பிடுகிறேன்.