ஈரத்தோடு எடை போட்ட ஆஸ்பிரின்

ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஆரம்பித்து, அடுத்த மூச்சில் தொண்டையைப் பிடிக்கும் ஒரு புளிப்பு வாசனை...

அசெட்டிக் அன்ஹைட்ரைடு!

தஞ்சாவூரில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான். கூடவே ஜன்னலுக்கு வெளியே விட்டு விட்டுப் பெய்த மழை.

அன்று ஆஸ்பிரின் தயாரிக்க வேண்டும். என் லேப் பார்ட்னர் ஸ்டெல்லா, பேராவூரணித் தென்னந்தோப்பிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். நான் ஒரத்தநாடு பக்கம், தினமும் பஸ்.

எவ்வளவு கிடைத்தது என்று கணக்குப் போட்டுக் காட்டி, ரெக்கார்டில் மேடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லை என்றால் செமஸ்டர் பிராக்டிகலுக்குள் விடமாட்டார்கள். அன்றுதான் கடைசி நாள். 

கணக்கு எளிதுதான். சாலிசிலிக் அமிலம் இரண்டு கிராம் எடுத்தோம். அதோடு அந்த அசெட்டிக் அன்ஹைட்ரைடு சேர்ந்தால்தான் ஆஸ்பிரின். அன்ஹைட்ரைடை எவ்வளவு தாராளமாக ஊற்றினாலும், ஆஸ்பிரின் எவ்வளவு வரும் என்பதை முடிவு செய்வது அந்த இரண்டு கிராம்தான். அது தீர்ந்தால் கதை முடிந்தது. மூலக்கூறு எடைகளை வைத்துப் பெருக்கி வகுத்தால், எல்லாமே கைகூடினால்கூட 2.61 கிராம். அதற்கு மேல் ஒரு துளியும் வராது.

எங்களுக்கு வந்தது 2.9.

"ஏய், நூத்துப் பதினொரு பர்சென்ட்டுடி! கிளாஸ்லயே நம்மதான் டாப்பு" என்று ஸ்டெல்லா குதித்தாள். நானும் சேர்ந்துதான் குதித்தேன்.

மேடம் ரெக்கார்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"வரக்கூடியதுக்கு மேல வந்திருக்கே... மிச்சத்தை யாரு வீட்டுலேர்ந்து கொண்டாந்தீங்க?"

லேப் முழுக்கச் சிரிப்பு.

"சாயந்திரத்துக்குள்ள ஒழுங்கான எடையைக் கொண்டாங்க. இல்லன்னா கையெழுத்து கிடையாது."

கணக்கை மறுபடி போட்டோம். சரி. தராசைச் சரிபார்த்தோம். அதுவும் சரி. ஸ்டெல்லாவுக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. நான் வாட்ச் கிளாஸ் என்கிற குழிந்த கண்ணாடித் தட்டில் இருந்த அந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் உறைத்தது. அன்று காலையில்தான் எங்கள் ஊர் ரோட்டில், மழையில் நனைந்த குறுவை நெல்லைக் காலால் கிளறிவிட்டு பஸ் ஏறியிருந்தேன். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல். அப்பா மூட்டை மூட்டையாகத் திரும்பக் கொண்டு வந்து கொட்டியிருந்தார்.

"ஸ்டெல்லா... இது ஈரம்டி. கழுவுன தண்ணியையும் சேத்து எடை போட்டுருக்கோம்!"

"நெல்லு வீட்டுப் பொண்ணு சொல்ற பேச்சா இது? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன!"

லேப் ஓவனில் வைத்துக் காயவைக்கலாம் என்று ஓடினால்... கரண்ட் இல்லை.

நல்ல வேளை, மழை விட்டு லேசாக வெயில் எட்டிப் பார்த்தது. வராண்டா கைப்பிடிச் சுவரில் ஃபில்டர் பேப்பரை விரித்து, ஆஸ்பிரினை மெல்லிசாகப் பரப்பினோம். வீட்டில் நெல்லைக் கிளறுகிற மாதிரியே கண்ணாடிக் குச்சியால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே இருந்தேன். காற்று அடித்தால் பறந்துவிடும் என்று ஸ்டெல்லா துப்பட்டாவை விரித்து மறைத்தபடி நின்றாள்.

அந்தப் பக்கம் போன பிசிக்ஸ் பெண்கள் சும்மா போவார்களா?

"என்னடி, வடாமா? காஞ்சதும் எங்களுக்கும் ரெண்டு குடுங்க."

"தலவலி வந்தா வா, தரேன்!" என்றாள் ஸ்டெல்லா.

நெல் காய்ந்ததா என்று பார்க்க அம்மா ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'கடக்' என்றால் சரி. நான் பழக்க தோஷத்தில் குனிந்து உற்றுப் பார்த்தேன்.

"அடியே, கடிச்சுகிடிச்சுப் பாத்துடாத. இருக்கறதே கொஞ்சம்!"

எடை போட்டோம். குறைந்தது. மறுபடி காயவைத்தோம். இன்னும் குறைந்தது. இதற்கு மேல் குறையவில்லை என்றபோது, 2.1. எண்பது பர்சென்ட்.

மேடம் பேனாவைத் திறந்தார். "இப்பதான் நீங்க செஞ்சது மாதிரி இருக்கு."

கையெழுத்து!

இதெல்லாம் இன்று ஏன் என்றால்... என் பாப்பா. போன மாதம் எடை ஏறவே இல்லை. ஒரு மாதமாக எனக்கு அதே யோசனை, சரியாகத் தூக்கமும் இல்லை. ராகிக் கூழ், பருப்பு சாதம், நெய் என்று கிண்ணம் கிண்ணமாக வைத்தாலும், உள்ளே போவது எவ்வளவு என்று முடிவு செய்கிறவள் அவள்தான், அந்த இரண்டு கிராம் சாலிசிலிக் அமிலம் மாதிரி. போதும் என்று தோன்றினால் வாயை இறுக மூடிக்கொள்வாள்.

இன்று தடுப்பூசிக்குப் போனபோது எடை மெஷினில் உட்கார வைத்தோம். அப்படியே ஒரு தாவு தாவியிருந்தது! சந்தோஷத்தில் மெஷினை போட்டோ எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். அவள் இப்போது ஓசூரில் ஒரு மருந்து கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள்.

பதில் உடனே வந்தது.

"டயப்பர கழட்டுனியா?"

கழற்றவில்லை. கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பப் போய் நின்றேன். "என்னம்மா, மறுபடியுமா?" என்று நர்ஸ் சிரித்தார். டயப்பர் இல்லாமல் வைத்தோம். குறைந்தது... ஆனாலும் போன மாதத்தைவிடக் கூடுதல்தான். கொஞ்சம்தான். ஆனால் அத்தனையும் பாப்பா!

அன்றைக்கு ஒரு கையெழுத்துக்காக நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது ஒவ்வொரு வாய்க்கும் அடித்துக்கொள்கிறது. பக்கத்தில் துப்பட்டா விரித்து நிற்க ஆள்தான் இல்லை... போனில் இருக்கிறாள், அது போதும்.

இரண்டாவது போட்டோவையும் அனுப்பினேன்.

"இப்பதான் நீ பெத்தது மாதிரி இருக்கு. கையெழுத்து போட்டாச்சு, போய்த் தூங்கு."