டெல்ஃபினுக்குப் பின்னால் யாரும் நின்றதில்லை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலைத் தேநீர் நேரத்தில் சாப்பாட்டு அறை நிறைந்திருந்தது. மனுகாவில் நாங்கள் வேலை செய்யும் குளிர்களஞ்சியத்தில் ஆட்களைவிட நாற்காலிகள் குறைவு. முந்தினவனுக்கு இருக்கை, பிந்தினவனுக்கு ஜன்னல் விளிம்பு. அன்று மூன்று பேர் நின்றபடி தேநீர் குடித்தார்கள். சுவரோரத்து நாற்காலி மட்டும் வெறுமையாக இருந்தது. ஏன் அதில் ஒருவரும் இருக்கவில்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை. மேற்பார்வையாளர் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, டெல்ஃபின் விடியற்காலையில் மாரடைப்பால் போய்விட்டார் என்று சொன்ன பிறகுதான் எல்லோரும் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தோம். அதற்கு மட்டும் முன்பே விஷயம் தெரிந்திருந்ததுபோல் இருந்தது.

நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த மலரில் அவரைப் பற்றி எழுத என்னைக் கேட்டது ஆசிரியர் செய்த பிழை. ஓ.எல். பரீட்சையில் கணிதத்தை இரண்டு தரம் கோட்டைவிட்டவன் நான். தமிழில் தேறியதும் பக்கத்து மேசைக்காரனின் கையெழுத்து தெளிவாக இருந்த புண்ணியத்தால்தான். ஆனாலும் உங்களில் பலருக்கு டெல்ஃபினைத் தெரியும். என் மகளின் சாமத்தியச் சடங்கில் ஏழு வடை சாப்பிட்ட பிலிப்பைன்காரர். அன்றைய படங்களை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பின்னாலிருந்து அவர் தோளில் தட்டினேன். உறைந்த மீன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். முகத்தில் இரத்தம் இல்லை. "எதுவானாலும் முன்னால் வந்து பேசு தம்பி. பின்னால் மட்டும் நிற்காதே" என்றார். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன். எனக்கு உடனே தோன்றியது விசாப் பிரச்சினை. எங்கள் ஆட்களுக்கு எவன் எதற்குப் பயந்தாலும் முதலில் அதுதானே தோன்றும்.

சாப்பாட்டு நேரத்தில் தன் நாட்டு வீரர்களைப் பற்றிச் சொல்வார். எண்பது வயது தாண்டிய கடைக்காரி ஒருத்தி போராளிகளுக்குச் சோறு போட்டு, காயத்துக்கு மருந்து கட்டியதற்காக ஸ்பானியர் அவளைக் கப்பலேற்றித் தீவுக்கு அனுப்பினார்களாம். இரண்டு காலும் விளங்காத ஒருவர், விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்ததற்காக அமெரிக்கர்களால் நாடுகடத்தப்பட்டாராம். "நடக்க முடியாதவனைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் பயந்தது" என்று சிரிப்பார். ஆனால் அவர்களுடைய முதல் பெரும் வீரர், நாணயத்தில் முகம் பொறித்த அந்தக் கண் மருத்துவரின் பெயரை மட்டும் வாயால் சொன்னதேயில்லை. 'டொக்டர்' என்பார், அதையும் குரலைத் தாழ்த்தி. டொக்டரைச் சுட்டுக்கொன்ற நாளை இங்குள்ள பிலிப்பைன் மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்வார்கள். மலர்வளையம் வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறையும் போகவில்லை. "நாட்டுப்பற்று இல்லாதவன்" என்று காதுபடவே சொன்னார்கள்.

காரணத்தைத் தகனினியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசையில் சொன்னார். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் முகமூடி போட்ட 'தலையாட்டி' முன்னால் வரிசையில் நிறுத்தப்பட்டதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். எனக்கு முன்னால் நின்றவனுக்கு ஆட்டினான், எனக்கு ஆட்டவில்லை. "அந்தத் தலையாட்டிக்குப் பின்னால் யார் நின்றது?" என்று டெல்ஃபின் கேட்டார். துப்பாக்கியோடு ஒரு ஆமிக்காரன் என்றேன்.

கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார். டொக்டரைச் சுட்ட எட்டுப் பேரும் ஸ்பானியர் இல்லை. ஸ்பானியப் படையில் இருந்த பிலிப்பைன்காரர்கள். அவர்கள் சுடாவிட்டால் அவர்களைச் சுட, பின்னால் ஸ்பானியர் துப்பாக்கியோடு நின்றார்கள். "இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எட்டுப் பேருடைய பெயரும் அதில் இல்லை. ஒருவர் என் கொள்ளுத்தாத்தா."

முகத்தைப் பார்த்துச் சுடும்படி டொக்டர் கேட்டாராம். மறுத்து, திருப்பி நிறுத்தினார்கள். குண்டு பட்ட கணத்தில் உடம்பை முறுக்கி வானத்தைப் பார்த்து விழுந்தாராம். எங்கிருந்தோ ஒரு சின்ன நாய் ஓடிவந்து உடலைச் சுற்றிச் சுற்றி ஊளையிட்டதாம். "சுடுவதற்கு முன் டொக்டரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்கள். சீராக இருந்தது. என் கொள்ளுத்தாத்தாவின் நாடியை யார் பார்த்தது?" என்றார் டெல்ஃபின். அந்தக் கிழவர் சாகும்வரை தன் முதுகுக்குப் பின்னால் ஒருவரையும் விடவில்லை. மகனும் விடவில்லை, பேரனும் விடவில்லை.

"என் மகள் லியாவுக்கு இது தெரியவேணும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லாமல் போனால் நீ சொல்லு. நீ வெளியாள், அவளுக்கு உன்னிடம் வெட்கமிருக்காது." கிழவரின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். வாய் நிறைய வடையோடு தலையை ஆட்டினேன்.

இழவு வீடு பக்குரங்காவில். பெட்டிக்குப் பக்கத்தில் லியா என் கையைப் பிடித்து, "டிட்டோ, அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றாள். டிட்டோ என்றால் அவர்களுக்கு மாமா. காகிதம் சட்டைப் பையில் இருந்தது. அத்தனை பேர் முன்னால் நாக்கு எழும்பவில்லை. அவர் போர்க்லிஃப்டை ரிவர்ஸில் ஓட்டமாட்டார் என்று ஒரு பகிடி சொல்லித் தப்பினேன். சனம் சிரித்தது. லியா சிரிக்கவில்லை.

வாசலில் டெல்ஃபினின் மைத்துனி மறித்தாள். "நேராக வீட்டுக்குப் போகாதே. வழியில் எங்காவது இறங்கி ஏதாவது குடித்துவிட்டுப் போ. இல்லாவிட்டால் உன்னோடு வந்துவிடுவார்." அது அவர்கள் வழக்கம். எங்கள் வழக்கம் வேறு. என் மனைவி ஏற்கெனவே தொலைபேசியில், "துடக்கோட ஒரு இடமும் ஏறாதேங்கோ. நேர வந்து வெளியில தோய்ஞ்சிட்டு உள்ள வாங்கோ" என்று உத்தரவு போட்டிருந்தாள். இருபத்தைந்து வருடமாக யாருடைய சொல்லைக் கேட்கிறேனோ அவளுடைய சொல்லையே கேட்டேன்.

பின்வளவுக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். ஒரு சின்ன நாய் வந்து என்னை இரண்டு தரம் சுற்றி, முனகிவிட்டுப் போனது. வேலியில் ஒரு துவாரமும் இல்லை. எங்கள் தெருவில் ஒருவரும் சின்ன நாய் வளர்ப்பதுமில்லை.

மறுநாள் காலை, எங்கள் வீட்டுக்கு வந்தால் டெல்ஃபின் வழக்கமாக இருக்கும் சாப்பாட்டு மேசை நாற்காலி திரும்பி நின்றது, முகம் சுவரைப் பார்க்க, முதுகு எங்களைப் பார்க்க. திருப்பி வைத்தேன். வேலையால் வந்தால் மறுபடி அப்படியே.

"ஏனப்பா கதிரையைத் திருப்பித் திருப்பி வைக்கிறியள்?" என்றாள் மனைவி.

"நீ இல்லையோ?"

"எனக்கு வேற வேலை இல்லையே!"

மகள் தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, "நாட் மீ. ஸ்டாப் இட் அப்பா, இட்ஸ் க்ரீப்பி" என்றாள்.

மூன்றாம் நாளும் அப்படித்தான். அந்த நாற்காலியில் ஒரு ஆள் இருந்தால், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, டொக்டரை நிறுத்தியது மாதிரி இருப்பார். அதற்குப் பின்னால் நின்றது நான். பையில் காகிதத்தோடு.

ஒன்பதாம் நாள் செபத்துக்குப் பக்குரங்கா போனேன். செபம் முடிந்ததும் லியாவைக் குசினிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு பகிடியும் விடவில்லை. அவள் அழவில்லை. "அவர் குறிவைத்தாரா டிட்டோ, இல்லை விலக்கிச் சுட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"உங்கள் அப்பாவின் அப்பா சிறுவனாக இருக்கும்போது அதைக் கேட்டாராம். எட்டும் ஒன்றாக வெடித்தது, எனக்கும் தெரியாது என்றாராம் கிழவர்."

காகிதத்தை வாங்கி, அந்தப் பெயரை மெல்ல இரண்டு தரம் வாசித்தாள். "நான் அப்பாவுக்குப் பின்னால் ஓடிவந்து கட்டிப்பிடித்ததே இல்லை. அவருக்குப் பிடிக்காது என்று நினைத்தேன்" என்றாள். பிறகு கூடத்துக்குப் போய், மேசை நடுவில் வைத்திருந்த டெல்ஃபினின் படத்தை எடுத்துச் சுவரோடு ஒட்டி வைத்தாள். நாற்காலியைப் பற்றி நான் அவளிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

இதை எழுத அவள் சம்மதித்தாள். அந்தப் பெயரை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

இனி என்னிடம் அவருடையது என்று இருப்பது அந்த நாற்காலி ஒன்றுதான். இப்போது அது திரும்புவதில்லை. அதன் முதுகு சுவரில் ஒட்டியிருக்கிறது. விருந்தினர் வந்தாலும் அதில் ஒருவரையும் இருக்கவிடுவதில்லை. பிறகு, ஒன்பதாம் நாள் செபம் முடிந்து திரும்பிய பயணமும் இருக்கிறது. நேராக வீட்டுக்குப் போகாதே என்று வாசலில் மைத்துனி மறுபடி எச்சரித்தாள். வழியில் இரண்டு டெயரி, அதுதான் மூலைக்கடை, வந்தன, ஒரு பெட்ரோல் நிலையமும் வந்தது. தொண்டை வறண்டிருந்தது. ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, காரின் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து, ஒரு ஆள் இறங்குவதற்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால்தான் நின்றேன்.